பதினாறு நாளும் நகர்ந்த கிடை

சென்ற ஆண்டு வைகாசி ஏழாம் நாள், பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். காற்று அறவே இல்லை. வெயில் மட்டும் இருந்தது. கோட்டையூருக்கு மேற்கே தரிசு வயலில், நூற்றுப் பதினேழு மாடுகள் சூழ எங்கள் அண்ணன் காலமானார்.

காளையார்கோவில் பக்கம் மழையை நம்பிய சிற்றூரில் பிறந்தவர். ஊரில் இருந்ததைவிட வழியில் இருந்ததே அதிகம். பாட்டன் காலம் முதல் கிடைமாடுதான் எங்கள் குடும்பத்துக்குப் பிழைப்பு. பகலில் மேய்த்து, இரவில் ஒருவர் வயலில் அடைத்து, விழுந்த சாணத்துக்கு நெல்லோ பணமோ வாங்கிக்கொண்டு அடுத்த வயலுக்கு நகர வேண்டும். கண்மாய் வற்றிய ஆண்டுகளில் அண்ணன் கன்றுகளைத் தோளில் சுமந்து நடந்தார். காளைக்கன்றுகளை விற்று என்னைப் படிக்க வைத்தார். காரைக்குடியில் நான் கட்டிய வீட்டில் அவர் தங்கியது மொத்தம் நான்கு இரவு. நான்கிலும் தூங்கவில்லை.

தகனத்துக்கு மறுநாளே சிக்கல் வந்தது. சுற்றிலும் புல் தீர்ந்துவிட்டது. அண்ணனின் மனைவி, எங்கள் மதினி, மந்தையைப் பத்திக் கிளம்பக் கம்பை எடுத்தார். அவருடைய அண்ணன் மறித்தார்.

"பதினாறு முடியிறவரைக்கும் வாசலத் தாண்டக் கூடாது ஆத்தா. மாட்ட வித்துருவோம். யாவாரி வந்து நிக்கிறாரு."

"முப்பத்தெட்டு வருசமாத் தார்ப்பாய்க்குக் கீழ குடும்பம் நடத்துறேன். வாசல் எங்குட்டு இருக்குன்னு காட்டுங்கண்ணே, தாண்டாம இருக்கேன்."

நான் இடையில் புகுந்து ஒரு லாரி வைக்கோல் இறக்கினேன். ஒரு வாரத்துக்கு வருமென்று கணக்கிட்டிருந்தேன். ஒரே இரவில் தீர்ந்தது. விடிந்ததும் எத்தனை மாடு சோர்ந்து படுத்துவிட்டது என்று எண்ணத் தொடங்கினேன்.

"கொழுந்தனாரே, நீக எண்ணி முடிக்கிறதுக்குள்ள பாதி செத்துரும். பின்னால பத்திக்கிட்டு வாங்க."

பத்திக்கொண்டு போனேன். மதினியின் அண்ணனும் வைதுகொண்டே ஓரமாக நடந்தார். வியாபாரி சற்று நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தை, நேமத்தான்பட்டி அருகே மந்தை அடைந்திருந்த வயலிலேயே வைப்பதென்று பேசி முடித்தோம். முந்தின நாளே நான் ஊர் திரும்பி, அன்று காலை உறவினர்களை இரண்டு வேன்களில் அழைத்துப் போனேன். வயலில் சாணம்தான் இருந்தது. மதினிக்குப் போன் செய்தேன்.

"இங்க தண்ணி இல்ல கொழுந்தனாரே, விடியமுன்ன பத்திட்டேன். இன்னும் அங்குட்டு வாங்க."

"காரியத்த விட்டுட்டா?"

"மாடு நிக்கிற எடத்துலதான அவுக இருப்பாக? அய்யரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

காரியத்துக்கு இடமும் மாட்டுக்குத் தண்ணீரும் கொடுத்த வயல்காரருக்கும், பசியோடு வெயிலில் வந்த உறவினர்களுக்கும், பதினாறு நாளும் உடன் நடந்த மதினியின் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. மந்தை மதினியிடமே இருக்கிறது. முதலாண்டு நினைவுக்காக இதை எழுதும் இந்த நேரத்தில் எந்த ஊரில் நிற்கிறதென்று எனக்குத் தெரியாது. அன்று அண்ணனைத் தேடி இரண்டு வேன்களும் அலைந்ததற்குக் கூடுதல் வாடகை, ஆயிரத்து அறுநூறு ரூபாய்.