பழங்காநத்தத்தில் விழாத முதல் வெட்டு

காலை ஏழு மணிக்குத் திண்டுக்கல்லில் பேருந்து ஏறினேன். ஆரப்பாளையம் அறுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் அறுபது ரூபாய். வழியெல்லாம் என் லேத் பட்டறை வாடிக்கையாளர்களின் போன். "நேத்தே தாரேன்னீங்களே?" ஒரு வாரத்து வேலை ஒரு மாதம் இழுக்கிறது. வேலையை இடையில் தேங்கவிடாமல் நகர்த்த, பெரிய ஆலைகளில் கடைப்பிடிக்கும் 'லீன்' முறையைப் பற்றிக் கேட்டால், ஒரே சாமானை லட்சக்கணக்கில் செய்கிறவனுக்குத்தான் அது, தினுசு தினுசாக ஒன்றிரண்டு செய்கிற உனக்கு எதற்கு என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். மதுரையில் ஒரு பெண் அந்தப் பேச்சைப் பொய்யாக்கிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன்.

ஆரப்பாளையத்தில் ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

"ஸ்டெல்லாக்கா பட்டறையாண்ணே? கொண்டுபோற சாமானை உள்ளயே விடாதுண்ணே அது" என்று சிரித்தார் ஓட்டுநர். "ஆனா சொன்ன தேதிக்குக் கைல குடுத்துரும்."

பழங்காநத்தத்துச் சந்தொன்றில் இருந்தது பட்டறை. மூன்று லேத்துகள், ஒரு துளைபோடும் இயந்திரம். உள்ளே தாராளமாக நடக்க முடிந்தது. என் பட்டறையில் இரும்பைத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு தொழிற்சாலையில் வேலைத் திட்டம் போடும் பிரிவில் இருந்தவர் ஸ்டெல்லா. இங்கே அவர் உருப்படிகளை எண்ணுவதில்லை, ஒவ்வொன்றும் எந்த இயந்திரத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்க்கிறார். இயந்திரம் தாங்குகிற அளவுக்குத்தான் வேலை உள்ளே வரும். மற்றதெல்லாம் வாசல் கொட்டகையில் காத்திருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமான் கொண்டுவருகிறவர், "நாள் நல்லாருக்கு, சாஸ்திரத்துக்கு ஒரு வெட்டு போட்டு வைங்க" என்பார். நாங்களும் மறுக்காமல் லேத்தில் மாட்டி மேலாக ஒரு சீவு சீவி வைப்போம். ஒரு வெட்டு விழுந்த இரும்பை வேறு பட்டறைக்காரன் தொட மாட்டான், ஆள் நம்மை விட்டுப் போக முடியாது. இப்படித் தொட்டு வைத்த அரைகுறைகளால்தான் பட்டறைகள் மூச்சுமுட்டுகின்றன.

பதினோரு மணி வாக்கில் டி. கல்லுப்பட்டிப் பக்கத்து அரிசி ஆலைக்காரர் குட்டி லாரியில் வந்தார். பட்டறையின் பாதி வேலை அவருடையது. புது ஷாஃப்டுக்கான இரும்புத் தண்டை இறக்கச் சொல்லி, "இன்னைக்கு முகூர்த்தம்மா, ஒரு வெட்டு போட்ரு" என்றார்.

"புதன்கிழமை எடுத்து வெள்ளிக்கிழமை தாரேண்ணே. அதுக்கு முந்தி ஒரு கீறல் விழாது."

"எனக்கேவா? அப்ப என் சாமான் எல்லாத்தையும் ஏத்திருவேன். மச்சான் மில்லு வேலையும் இங்க வராது."

லேத்தில் நின்ற பாண்டி கிசுகிசுத்தார். "ரெண்டு நிமிச வெட்டுக்கா, போட்ருவோம்."

"ஓடுற வேலைய இறக்கி, இதை ஏத்தி, மறுபடி அதை மாட்ட எம்புட்டு நேரமாகும்? மத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது?" பிறகு ஸ்டெல்லா ஆலைக்காரரிடம் திரும்பினார். "உங்க இரும்புல எங்க வெட்டு விழலண்ணே. தாராளமா எங்க வேணா கொண்டு போகலாம்."

கொட்டகையில் காத்திருந்த தம் சாமான்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார் மனிதர். நான் ஸ்டெல்லாவின் பக்கம் போனேன்.

"பயமா இல்லையாம்மா?"

"பயமாத்தான் இருக்கு. அதுக்காக, எடுக்காத வேலைய எடுத்துட்டதா பொய் சொல்லணுமா?" தண்ணீர் குடித்துவிட்டு வாசலுக்குப் போனார். ஒரு பேக்கரிக்காரர் மாவு பிசையும் இயந்திரத்தின் உடைந்த பல்சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நாளான்னைக்குன்னு சொன்னேன்ல? இடம் காலியாயிருச்சு, நாளைக்கே எடுக்கேன்."

மாலையில் திரும்பும் பேருந்து வாடிப்பட்டியைத் தாண்டும்போது என் பட்டறையிலிருந்து கண்ணன் அழைத்தான். அங்கே எனக்காக எத்தனை அரைகுறைகள் காத்திருக்கின்றன என்று நினைக்கவே கோபம் வந்தது.

"அண்ணே, வத்தலக்குண்டுக்காரர் ஷாஃப்ட் கொண்டாந்திருக்காரு. வழக்கம்போல ஒரு வெட்டு போட்டு வச்சுரவா?"

"வேண்டாம். என்னைக்கு எடுப்போம்னு சொல்லி வெளிய வை."

"கோவிச்சுக்கிட்டுத் தூக்கிட்டுப் போயிருவாருண்ணே!"

"போகட்டும்டா. இரும்பு அவருது."