பழைய கார்டின் நம்பர்

எங்கள் பாலக்கோடு பள்ளியின் லினக்ஸ் சர்வரைப் பழுது பார்க்க வந்தவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. தேய்த்த சட்டை, மேல் பொத்தான் இருந்த இடத்தில் ஊக்கு. கணினிகளுக்கு நெட் தரும் நெட்வொர்க் சர்வீஸ் கிளம்பவே இல்லை. ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் கொடுத்ததும் அவர் போனை எடுத்து யாரையோ அழைப்பார். "நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை" என்ற குரலை முழுக்கக் கேட்டுவிட்டு வைப்பார்.

நான்காம் முறை, திரையில் வந்த லாக் பதிவின் வரி ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"நெட்வொர்க் கார்டு மாத்துனீங்களா சார்?"

"ஆமாங்க. பழசு இடியில போயிடுச்சு."

"செட்டிங் ஃபைல்ல இன்னும் பழைய கார்டோட நம்பர்தாங்க இருக்குது. அது வரும்னு சர்வர் காத்துக்கிட்டே கெடக்குது. போயிடுச்சுன்னு இதுக்கு யாருஞ் சொல்லல."

அந்த நம்பரை அழித்துப் புதியதை எழுதினார். சர்வீஸ் கிளம்பியது.

"யாருக்குங்க போன் பண்றீங்க?"

"வூட்டுக்காரம்மாவுக்குங்க. தவறி எட்டு மாசமாச்சு."

"அந்த நம்பரையும் அழிச்சிடுங்க" என்று உளறினேன்.

அவர் கோபப்படவில்லை. ஸ்க்ரூடிரைவரைப் பையில் வைத்தபடி, "சர்வர்ல எந்த வரிய அழிக்கணும்னு தெரியுதுங்க சார்" என்றார்.

அவர் கிளம்பும்போது எல்லாக் கணினியிலும் நெட் வந்துவிட்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் அவர் போனைக் காதில் வைத்து நின்றிருந்தார்.