கோயில் வாசலில் என் சப்பாத்து

1985ஆம் ஆண்டு ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலேகால் மணி. காலையிலிருந்து விடாமல் பனி கொட்டியது. மருந்துக்கடை வாசலில் தொங்கிய வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று காட்டியது. பெல்ஜியத்தின் லூவன் நகரத்தில், என் விடுதிக்கு அடுத்த தெருவிலிருந்த கத்தோலிக்கக் கோயிலுக்கு நான் கடும் காய்ச்சலோடு நடந்துபோனேன். அன்று நான் ஆண்டவரிடம் கேட்டதையும் அவர் தந்ததையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நான் இலங்கையின் வடக்கே கரம்பொன்னைச் சேர்ந்தவன். கணித ஆசிரியர். புலமைப்பரிசில் கிடைத்து, புள்ளிவிபரவியல் படிக்க இருபத்தொன்பதாம் வயதில் அங்கே போனேன். ஊரின் போர் நிலைமையைப் பார்த்து எல்லாரும் போ என்றார்கள். போனபின் எப்படி இருப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

விடுதியில் எங்கள் தளத்தில் பதினொரு அறைகள். பதினொரு கதவும் பூட்டியே இருக்கும். என் பெயர் சூசைப்பிள்ளை. வகுப்பில் அதைச் சொல்ல ஏலாமல் "சிலோன்" என்று கூப்பிட்டார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். பதினாறு நாட்கள் அந்தத் தளத்தில் நான் மட்டும். பாண் கடையில் சொல்லும் நன்றியைத் தவிர எனக்குப் பேச்சே இல்லை. குரல் இருக்கிறதா என்று பார்க்க ஒருநாள் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொன்னேன்.

ஊரிலிருந்து அக்கா ஒலிநாடா ஒன்று அனுப்பியிருந்தா. அதை ஓடவிட்டால் அறை முழுவதும் எங்கள் வீடு.

"தம்பி சூசை, கேக்குதோ?" இது அம்மா.

"கத்தாதேங்கோ அம்மா. அந்த ரெக்கோடருக்கு நல்லாக் காது கேக்கும்." இது அக்கா.

"நீ சும்மா இரடி. தம்பி, சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தானே கோயிலுக்குள்ளை போறனீ?"

"அங்கை ஐஸ் கொட்டுதாம். கால் விறைச்சுப் போமெல்லே!"

"விறைச்சால் விறைக்கட்டும். பீடத்துக்கு முன்னாலை சப்பாத்தோடை நிக்க இவன் என்ன வெள்ளைக்காரனோ?"

இடையில் அக்காவின் கணவர் புகுந்தார். "மச்சான், நண்டு போட்டுக் கூழ் காய்ச்சினது. உம்மடை பங்கையும் நானே குடிச்சிட்டன். கோவியாதையும்."

அவர்கள் சிரிக்கும்போதே நாடா முடிந்துவிடும். அதன்பின் வரும் அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா கேட்கத் தேவையில்லை. நான் கழற்றித்தான் போனேன். அந்த ஊரவர்கள் சப்பாத்தோடு உள்ளே நடப்பார்கள். நான் மட்டும் வாசலில் சுவரோரம் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டுக் காலுறையோடு போவேன். ஒரு ஞாயிறு திரும்பி வந்தபோது இடது சப்பாத்துக்குள் இருபது பிராங் காசு கிடந்தது. யாரோ இரங்கிப் போட்ட பிச்சை. அதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். அறைக்கு வந்து அழுதேன்.

அந்த ஜனவரி ஞாயிறும் அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன். கோயிலில் ஒருவரும் இல்லை. தூணுக்குப் பின்னால் அந்தோனியார் பீடத்தடியில் முழந்தாளிட்டேன். மறுநாள் பரீட்சை. அதற்காகச் செபிக்கவில்லை. சுகத்தையும் கேட்கவில்லை. "ஆண்டவரே, நான் இங்கே இருக்கிறேன் என்று ஒரு ஆளுக்காவது தெரியப்பண்ணும்" என்றேன். அதற்குமேல் ஒன்றும் நினைவில்லை.

மிச்சம், கோயிலைப் பூட்டும் யோஸ் என்ற கிழவர் பிறகு சொன்னது. ஐந்தரைக்கு விளக்குகளை அணைத்து, பெரிய கதவை வெளியே இருந்து பூட்டிவிட்டார். திரும்பும்போது சுவரோரம் பனி நிரம்பிய சப்பாத்து இரண்டு தெரிந்தன. குடிகாரன் எவனோ விட்டுப்போனான் என்று முதலில் ஏசினாராம். பிறகு குனிந்து பார்த்தார். குடிகாரன் இப்படி ஒழுங்காகச் சோடி சேர்த்து வைக்கமாட்டான். இவற்றுக்கு உரியவன் வெறுங்காலோடு எங்கே போயிருப்பான்? கதவைத் திறந்து, டோர்ச் அடித்துத் தேடியிருக்கிறார். தூணுக்குப் பின்னால் கல்லுத் தரையில் நான் கிடந்தேன்.

நியூமோனியா. விடியும்வரை கிடந்திருந்தால் தப்பியிருக்க மாட்டேன் என்றார் வைத்தியர்.

கண் விழித்தபோது கட்டிலருகே கதிரையில் யோஸ் இருந்தார். தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் என் பெயரைக் கேட்டார். சூசை என்றேன். அவர் வாய்க்குள் அது நுழையவில்லை. எங்கள் ஊரில் யோசேப்பைத்தான் சூசை என்போம் என்று விளக்கினேன்.

"யோசேப்பா? என் பெயரும் அதுதான், யோஸ் அதன் சுருக்கம்!" என்று கட்டிலைத் தட்டிச் சிரித்தார். பிறகு முகத்தைக் கடுமையாக்கி, "இனிமேல் உள்ளே வந்தால் எனக்குச் சொல்லிவிட்டு வா. நீ இருக்கிறாயா என்று பார்த்துத்தான் பூட்டுவேன்" என்றார்.

நான் செபத்தில் கேட்டது எதுவோ, அதுவே அவர் வாயிலிருந்து வந்தது. என் செபம் அவருக்குத் தெரியாது. பிரியமானவர்களே, நான் கணக்குப் படித்தவன். இதைத் தற்செயல் என்று எழுத என் கை வரவில்லை.

இப்போது கரம்பொன்னில் இருக்கிறேன். வயது எழுபது. மூட்டு நோகிறது, நித்திரை குறைவு. வீட்டில் நான் மட்டும். ஆனாலும் பூசை முடிந்ததும் பின்வரிசையில் தனியே இருப்பவரிடம் போய்ப் பெயர் கேட்காமல் வீட்டுக்கு வருவதில்லை. "வாத்தியார் ஊர்வம்பு விடுப்புக் கேக்க வந்திட்டார்" என்று பொடியள் நக்கலடிப்பார்கள். அடிக்கட்டும். உங்கள் பிள்ளைகளும் இன்று தூரதேசங்களில் பூட்டிய அறைகளில் படிக்கிறார்கள். பரீட்சைக்கு மட்டும் செபிக்காதேயுங்கள். அவர்கள் அங்கே இருப்பதை அறிந்த ஒரு மனிதரைத் தாரும் என்று கேளுங்கள். நம்பிக் கேளுங்கள், தருவார்.

கேட்டது கிடைத்ததற்கு ஆன செலவையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் காய்ச்சலால் பரீட்சை தவறியது. யூனில் புலமைப்பரிசில் முடிந்தும், மறுபரீட்சைக்காக மூன்று மாதம் என் செலவில் தங்கினேன். அந்த ஞாயிறுகளில் யோஸும் மனைவியும் மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டு நடுக்கதிரையில் இருத்தினார்கள். காசு வாங்கவில்லை. மற்றதெல்லாம் உணவகத்தில் கோப்பை கழுவி நானே கட்டினேன். வாடகை, பரீட்சைக் கட்டணம், விமானச் சீட்டை மாற்றியது, கிழமை நாட்களில் சாப்பாடு, எல்லாமாக இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம் பிராங்.