சுவரில் வரைந்த ஓதம்

என் மனைவி ஆணி அடித்தால் ஆணி நேராக இறங்கும். நான் அடித்தால் விரல் வீங்கும். கல்யாணமான முதல் மாதமே இது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டதால், சுத்தியல் அவளுடையது, ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது என்னுடையது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். பதினாலு வருஷமாக ஸ்டூல் பிடிக்கிறேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நான் பஸ் டிப்போவில் வண்டி கிளம்பும் நேரத்தைக் குறிப்பவன். அங்கேயும் ஓட்டுவது வேறு ஆள்தான்.

அவள் பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினில் நிற்கிறாள். யாராவது ஒரு துணித்துண்டை நீட்டி, இதே கலர் வேண்டும் என்றால், மெஷினைப் பார்க்காமலே எது எத்தனை சொட்டு என்று சொல்லிவிடுவாள். பிடிக்கவில்லை என்று திரும்பி வருகிற டின்களை முதலாளி அவள் தலையில் கட்டிவிடுவார். அவளும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வருவாள். சும்மா உட்காரவே தெரியாத ஜென்மம்.

ஆனால் அவள் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தது அழகுக்காக இல்லை. மகளுக்கு ஒன்றரை வயதில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுச் சுவர்ல ஓதம் இருக்கா?" என்றார். இருந்தது. எங்கள் சம்பளத்துக்குக் கிடைக்கிற எல்லா வீட்டிலும் சுவர் ஊறித்தான் இருக்கும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும்.

முதல் வீட்டில் ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அவள் சுவருக்குக் கொடுத்தாள். உப்புப் பூத்த பூச்சைச் செங்கல் தெரிகிறவரை கொத்தி எடுத்தாள், காயவிட்டாள், ஈரம் ஏறாத கலவையைப் பூசினாள், பட்டி பார்த்தாள், உப்புத்தாளால் தேய்த்தாள், பிறகுதான் பெயிண்ட். மகளின் இழுப்பு பாதியாகக் குறைந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அறை அறையாகக் காட்டினேன். தடவித் தடவிப் பார்த்தார். அடுத்த மாதம் தன் மகனைக் குடிவைக்க வேண்டும் என்று எங்களைக் காலி செய்யச் சொன்னார். இரண்டாவது வீட்டில் நான் மூச்சுகூட விடவில்லை. ஆனால் ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. எட்டிப் பார்த்த ஒருவருக்கு வீடு பிடித்துப்போக, வீட்டுக்காரம்மா அவருக்கே விற்றுவிட்டார். அந்த இரண்டு வீட்டுச் சுவரையும் நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது வீட்டுக்கு வந்ததும் அவள் சட்டம் போட்டாள். "ஹாலத் தொடக்கூடாதுங்க. உள்ள என்ன வேணா செய்யலாம். ஹால் பாக்கறதுக்கு அழுது வடியணும்."

அப்படியே செய்தோம். ஹாலில் பழைய பாசிப்பச்சை, மினுக்கி மினுக்கி எரிகிற டியூப்லைட், உள் அறை வாசலில் பழுப்பேறிய ஒரு போர்வைத் திரை. திரையைத் தள்ளினால் வெண்ணெய் நிறச் சுவர். ஒரு சுருக்கம் கிடையாது. சமையலறையில் அவளே மாட்டிய அலமாரி, குளியலறையில் டைல்ஸ் இடுக்குகளை அவள் அடைத்த வெள்ளைக் கோடு. மகள் அங்கே படுத்துத் தூங்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் அவளுடைய மூச்சு மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தால், தொடாமலே தேதி முடிந்துபோயிருந்தது. தூக்கிக் குப்பையில் போடும்போது என் மனைவி அழுதாள். நானும்தான்.

வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருப்பவர். மாதத்தின் முதல் ஞாயிறு வருவார், ஹால் நாற்காலியில் உட்காருவார், டீ குடிப்பார், போவார். நல்ல மனிதர். ஒரு ஞாயிறு டீயை ஊதிக்கொண்டே, "எம் பொண்ணும் மாப்பிள்ளையும் வீடு தேடி அலையறாங்க. ஒண்ணும் அமைய மாட்டேங்குது" என்றவர், ஹாலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். நான் போர்வைத் திரையை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் தெருமுனை தாண்டவில்லை, இவள் அடுப்பில் டீத்தூளைக் கொதிக்க வைத்துவிட்டாள்.

"என்னம்மா, இப்பதானே குடிச்சோம்?" என்றேன்.

"இது குடிக்க இல்ல. சுவத்துக்கு."

ஹால் சுவரின் கீழ்ப்பகுதியில் முதலில் வார்னிஷ் ஒரு கை அடித்தாள், பின்னால் துடைக்க வேண்டி வந்தால் துடைக்கலாம் என்று. காய்ந்ததும் டீத்தண்ணீரை ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றினாள். ஓரத்தில் கொஞ்சம் கருப்பு, நடுவில் மஞ்சள். மைதாப் பசையில் உப்பைக் கலந்து அங்கங்கே பொரிந்ததுபோல் அப்பிவிட்டாள். தள்ளி நின்று பார்த்த எனக்கே மூக்கில் ஈர வாசம் வருவதுபோல் இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். அவளுக்குத்தான் எதையும் அரைகுறையாகச் செய்ய வராதே! "ஓதம்னா வளரணுங்க. அப்படியே நின்னா சந்தேகம் வரும்" என்று மாதா மாதம் மேலே வார்னிஷ் அடித்து ஒரு சாண் ஏற்றினாள். நாலாவது மாதம் அது என் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. ஸ்டூலுக்குப் பதில் டீத்தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நானும், போதும் என்று சொல்லவில்லை. சொல்லப்போனால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதுவரை கறையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போன வீட்டுக்காரர், அடுத்த முறை வந்தபோது டீயைத் தொடவில்லை.

"இவ்ளோ ஏறிடுச்சா? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றார்.

"பரவாயில்ல சார், எங்களுக்குப் பழகிடுச்சு" என்றேன்.

"என்ன பரவாயில்ல? சின்ன வயசுல உங்க பொண்ணுக்கு மூச்சு இழுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? கொழந்த இருக்கற வீட்டை இப்படி விட்டா எனக்குத் தூக்கம் வருமா? பழைய கட்டடம் வேற. அடுத்த ஞாயிறு கொத்தனாரக் கூட்டிட்டு வரேன். தேவப்பட்டா இடிச்சுக் கட்டிரலாம். நீங்க வேற வீடு பாத்துக்குங்க, பாவம்."

அவர் போனதும் அவள் அந்தச் சுவருக்கு எதிரில் தொப்பென்று உட்கார்ந்தாள். "நல்லா வச்சிருந்தாலும் போகணும். நாசமாக் கெடக்குன்னு காட்டினாலும் போகணும். நாம எப்படித்தாங்க இருக்கறது?" என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்க டிப்போவில் வண்டி நேரத்தைத் தப்புத் தப்பாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். துடைத்துவிட்டால், திடீரென்று ஓதம் எங்கே போனது என்று கேட்பார். துடைக்காவிட்டால் இடிப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

ஞாயிறு காலை கொத்தனார் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கணீரென்றது. புருவத்தைச் சுருக்கி, விரலில் எச்சில் தொட்டுக் கறையைத் தேய்த்து முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தார். எங்கள் திருட்டு முழியே அவருக்குப் போதும். கண்டுபிடித்துவிட்டார். சொல்லப்போகிறார் என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஆள் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் சொன்னார்: "அஸ்திவாரத்துலருந்தே ஊறியிருக்கு சார். பூசறதெல்லாம் வீண். இடிச்சிட்டுப் புதுசாக் கட்டிரலாம். ஆறு மாசத்துல முடிச்சுக் குடுக்கறேன்."

ஆறு மாத வேலை கைக்கு வருகிறதென்றால் டீத்தண்ணீரும் அஸ்திவாரத்துக்கு இறங்கிவிடும்போல. நான் இஞ்சி தின்ற குரங்காக நின்றேன். அவள் நிற்கவில்லை. விறுவிறுவென்று சமையலறைக்குப் போய் ஈரத்துணியோடு வந்தாள். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, பக்கத்தில் இன்னொன்று. மாவும் உப்பும் டீயும் தரையில் ஒழுக, பாசிப்பச்சை பளிச்சென்று வந்தது.

"இந்த வீட்ல ஓதமே இல்ல சார். நான்தான் வரைஞ்சேன்" என்றாள்.

வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா?" என்று மட்டும் கேட்டார். முதல் வீட்டிலிருந்து எல்லாவற்றையும் அவள் கொட்டித் தீர்த்தாள். அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல் போர்வைத் திரையையும் ஒதுக்கிவிட்டாள்.

உள்ளே போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. சுவரை உள்ளங்கையால் தடவுகிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம்தான். வெளியே வந்தபோது அவர் கையில் போன் இருந்தது, கண் கலங்கியிருந்தது.

"நான் உங்களப் போகச் சொல்லலம்மா. எம் பொண்ணு ஒரு தடவ வந்து பாக்கட்டும். அவ்ளோதான். இப்படி ஒரு வீட்ட வச்சிக்கிட்டு அவள அலைய விட்டுட்டேனேன்னு இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்! அவர் வாசலில் இறங்கி மகளுக்குப் போன் போட்டு, சாயங்காலமே வரச் சொன்னார். பின்னாலேயே போன கொத்தனார் மட்டும் திரும்பி, "பசையில உப்பு போட்டீங்களாக்கா? நெஜம் மாதிரியே இருந்துச்சு" என்றார். ஓங்கி ஒன்று வைக்கலாம் போல் இருந்தது எனக்கு.

மத்தியானம் மகள் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்தாள். பன்னிரண்டு வயசு. பையைக்கூடக் கழற்றாமல் ஹாலில் அப்படியே நின்றாள்.

"அம்மா! இங்கயும் சரி பண்ணிட்டியா?" முகம் மலர்ந்துவிட்டது. "இந்தச் சுவத்துக்கு வெக்கப்பட்டுதான் நான் யாரையுமே வீட்டுக்குக் கூப்பிடல. இனிமே என் ஃப்ரெண்ட்ஸக் கூட்டிட்டு வரலாமா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கூட்டிட்டு வாம்மா" என்றாள் அவள். "நாளைக்கே கூட்டிட்டு வா."