மச்சானின் நோன்பும் கல்முனை நேரமும்

ஒரே ஒரு நட்சத்திரம். அதன் கீழே இப்படி இருந்தது: "இந்த 'அப்'பால என்ட நோன்பு போச்சு. செஞ்சவன் ஆரெண்டு எனக்குத் தெரியும். அல்லாஹ் மன்னிப்பான். நான் மன்னிக்க மாட்டன்."

ரமழானின் முதல் வாரத்து வியாழக்கிழமை, சூரியன் மறையும் மஃரிபுக்குப் பிறகு பதிவான கருத்து. எங்கள் தொழுகை நேரச் செயலிக்குக் கிடைத்த முதல் விமர்சனம் என்பதால் அதைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். எழுதியவர் என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், கணவர். செய்தவன் என்று அவர் குறிப்பிட்டது என்னை. அந்தச் செயலியில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பழியை ஏற்பது மரியாதையாகப் பட்டது.

அப்போது நான் கணினி விஞ்ஞானத்தில் மூன்றாம் வருடம். மூன்றாம் வருடத்தில் இருந்தேன் என்பது உண்மை. கணினி விஞ்ஞானத்தில் இருந்தேனா என்பது விவாதத்துக்குரியது. அல்கோரிதம் பாடம் இரண்டு முறை போய்விட்டது. தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் நிரல் ஒன்று உண்டு. அதை எல்லோரும் எழுதினார்கள், அது போய்விட்டு விடையோடு திரும்பி வந்தது. நான் எழுதியது, கலியாணத்துக்குச் சொல்லப் போன வீட்டில் "அவங்களுக்கும் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்களே, அப்படிப் போய்க்கொண்டே இருந்தது. வீடு திரும்பவில்லை. மடிக்கணினி சூடாகி அணைந்தது.

படிக்காதவன் என்று என்னைச் சொல்ல முடியாது. நூலகத்தில் கணினிப் பகுதிக்குப் போகும் வழியில் வரலாற்றுப் பகுதி இருந்தது. அதைத் தாண்டிப் போனதாக எனக்கு அதிகம் நினைவில்லை. திகதி குறித்து வைப்பது வேறு ஒரு வியாதி: எந்த மாதம் மழை பிந்தியது, எந்தக் கிழமை மின்சாரம் நின்றது, வாப்பாவின் நாவிதன்வெளி வயலுக்கு எப்போது தண்ணீர் திறந்தார்கள், எல்லாம் என்னிடம் உண்டு. இதற்கு எந்தப் பரீட்சையிலும் புள்ளி கிடையாது.

விசேட பட்டம் வேண்டுமென்றால் அல்கோரிதத்தை மூன்றாம் முறை எழுத வேண்டும்; இன்னும் ஒரு வருடமும் தேவை. அந்தப் பாடத்தை விட்டுவிட்டு மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வரவும் முடியும். வெளியே வந்து என்ன செய்வது என்பது ஒரு கேள்வி. உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவான். ஆகவே நான் வளர்ந்தது சட்டப்படி என் ராத்தாவின் வீட்டில். கலியாணம் வரை நான் அங்கே ஒரு வாடகை தராத குடியிருப்பாளன். எனக்கான வீடு சாய்ந்தமருதில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பெண்ணை நான் ஒரு முறைதான் பார்த்தேன், வீட்டை உம்மா நான்கு முறை பார்த்தார். "நாலு வருஷப் படிப்பு, விசேட பட்டம்" என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த வாக்கை நம்பித்தான் அவர்கள் மாடிக்குக் கொங்கிறீட் போட இருந்தார்கள்.

இந்த நிலையில்தான் குழுச் செயற்றிட்டம் வந்தது. நாங்கள் நாலு பேர். குழுத் தலைவன் மருதமுனைக்காரன், கெட்டிக்காரன்; தொழுகை நேரச் செயலி செய்வோம் என்றான். நிரல் எழுதத் தெரியாதவனுக்கு எந்தக் குழுவிலும் ஒரே வேலைதான்: ஆவணம் தயாரித்தல். எனக்கு அது கிடைத்தது. கூடவே, நேரங்கள் சரியா என்று பார்க்கவும் சொன்னான்.

அதை நான் வெறித்தனமாகச் செய்தேன். எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் தொங்கும் அச்சடித்த கலண்டருடன் ஒவ்வொரு தொழுகை வக்தையும் ஒப்பிட்டேன். அக்கரைப்பற்றில் நின்று பார்த்தேன். ஒலுவில் துறைமுகத்தில் மீன் வாங்குகிறவர்களுக்கு நடுவே நின்று பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் அறுகம்பே வரை போய், பலகையோடு கடலுக்கு ஓடும் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே மஃரிபை உறுதிசெய்தேன். எல்லாம் சரி. "பல்வேறு பிரதேசங்களில் பரிசோதிக்கப்பட்டது" என்று ஆவணத்தில் பெருமையாக எழுதினேன்.

அந்தப் பல்வேறு பிரதேசங்களும் ஒரே கிழக்குக் கடற்கரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன என்பது எங்கள் நால்வருக்கும் உறைக்கவில்லை. தலைவன் தன் போனில் ஜிபிஎஸ் இடங்காட்டி மெதுவாக வேலை செய்கிறது என்று கல்முனையை நிரந்தரமாகச் செயலிக்குள் எழுதியிருந்தான். அது தவறு என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு உலகம் கல்முனையில் தொடங்கிப் பொத்துவிலில் முடிகிறது. கொழும்பு என்பது போய்விட்டுத் திரும்பி வருகிற இடம். அங்கே சூரியன் தனியாக மறையும் என்று யார் நினைத்தார்கள்?

மச்சானுக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. குடும்பத்தின் முதல் செயலி என்று ஆசையாகத் தரவிறக்கியிருந்தார். அந்த வியாழக்கிழமை நாங்கள் நோன்பு திறந்து கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. ராத்தா ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க அவன்? உன்ட தம்பி எங்க?"

"இஞ்ச இரிக்கான். சலாம் சொல்லிட்டுக் கதைங்களன்."

"சலாம் பிறகு. டேய், உன்ட அப்புக்குள்ள பாங்கு சொல்ற மோதினாருக்குக் கொழும்பு எங்க இரிக்கெண்டு தெரியாதா?"

"என்ன மச்சான் நடந்த?"

"பஸ்ஸுக்குள்ள நிக்கன், ஒரே டிராபிக். போன் பாங்கு சொல்லிட்டு. பேரீச்சம்பழத்த வாயில போட்டுத் தண்ணியும் குடிச்சன். பக்கத்து சீட்டில ஒரு வயசான மனிசன் என்ட வாயப் பாத்துட்டிருந்தார். பாவமெண்டு அவருக்கும் ஒண்டு குடுத்தன். அவரும் திண்டார். புறக்கோட்டையில இறங்குறன், பள்ளியில அப்பதான் பாங்கு சொல்றாங்க!"

உம்மா கரண்டியை வைத்துவிட்டார். "அல்லாஹ்வே! அப்ப ரெண்டு பேர்ர நோன்பும் போச்சா?"

"வெளிய பாக்க ஏலாதா உங்களுக்கு? வெளிச்சம் இரிந்திருக்குமே," என்றார் ராத்தா.

"என்ட மூஞ்சிக்கு முன்னால ஒருத்தன்ட கக்கம் இரிந்திச்சு. அதுக்குள்ளால சூரியனப் பாக்கவா?"

வாப்பா மட்டும் கஞ்சியை நிறுத்தவில்லை. "கிழக்கில முதல் பொழுது படும், மேற்கில பிந்திப் படும். இதுக்கெல்லாம் பட்டம் வேணுமா?" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் புரிந்தது. கொழும்பில் சூரியன் எங்களுக்கு ஏழெட்டு நிமிடம் பிந்தித்தான் மறைகிறது.

அடுத்த நாள் ஜும்ஆவுக்குப் பிறகு குழுத் தலைவனைப் பிடித்தேன். அவன் அசையவில்லை. "அந்த ஆள் என்னத்துக்குக் கொழும்புக்குப் போன?" என்று கேட்டான். அவனைப் பொறுத்தவரை நிரல் சரி, பாவனையாளர்தான் பிழையான ஊரில் நின்றார்.

வீட்டுக்கு வந்து அந்தச் செயலியைத் துன்புறுத்தத் தொடங்கினேன். போனின் நேரத்தை மாற்றினேன். திகதியைப் பின்னால் தள்ளினேன். கட்டாரில் இருக்கும் நண்பனைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அவனுக்கு நோன்பு திறக்க அரை மணிநேரம் பிந்துகிறது என்றான். இருபத்தொன்பதாம் பிறையோடு மாதம் முடிந்தால் செயலி என்ன செய்யும் என்று பார்த்தேன். அது பெருநாளே வர விடவில்லை. ஒவ்வொன்றையும் எங்கே, எப்போது, எப்படி நடந்தது என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். மூன்று வருடத்தில் முதன்முறையாகக் கணினியின் முன்னால் பசி தெரியாமல் இருந்தேன். நோன்பு மாதத்தில் அது சாதாரண விசயமல்ல.

தலைவன் குரல் பதிவு அனுப்பினான்: "டேய், நீ நம்மட ஆளா, எதிர்க்கட்சியா?" ஆனால் எல்லாவற்றையும் திருத்தினான். திருத்தி முடித்த பிறகு நான் இன்னும் மூன்று அனுப்பினேன்.

பெருநாள் லீவுக்கு மச்சான் வந்தார். கோபம் வட்டிலப்பத்தோடு இறங்கியிருந்தது. "எங்கட கடைக்குப் பில் அடிக்கிற சொப்ட்வெயார் குடுத்த கொம்பனியில ஆள் தேடுறாங்க," என்றார். "எழுதுறதுக்கில்ல. பிழை பிடிக்கிறதுக்கு. எங்கட ஊட்டில ஒருத்தன் இரிக்கான், பொறந்ததில இருந்து வேற ஒண்டும் செஞ்சதில்லயெண்டு சொல்லிட்டன்."

உம்மா நம்பவில்லை. "பிழை பிடிக்கிறதுக்குச் சம்பளமா? அப்பிடியெண்டா உன்ட மாமிக்கு இதுவரைக்கும் எவ்வளவு குடுத்திருக்கோணும்!"

மாமி என்பது வாப்பாவின் தங்கை. வாப்பா அவசரமாகத் தன் யோசனையை வைத்தார்: வயலுக்கு மருந்தடிக்கும் டிரோன் ஒன்று வாங்கலாம், அதுவும் கொம்பியூட்டர்தான். அந்த வாரம் ஊரில் எல்லோரிடமும் எனக்கொரு தொழில்நுட்ப எதிர்காலம் இருந்தது. வாப்பாவின் தம்பியான சாச்சா தன் போன் திருத்தும் கடையில் ஒரு கதிரை காலி என்றார். முன்வீட்டுக்காரர் கெமரா பூட்டும் தொழிலைப் பரிந்துரைத்தார். ஆட்கள் ஒருவரையொருவர் நம்பாத வரைக்கும் அதற்கு அழிவில்லையாம்.

நேர்முகம் காணொளி அழைப்பில் நடந்தது. அவர்களுடைய பில் மென்பொருளைத் திறந்து தந்து, பிழை இருந்தால் சொல்லச் சொன்னார்கள். நான் போன இடம் திகதிப் பெட்டி. வேறெங்கே போவேன்? ஒரு சாரியை இந்த மாதம் விற்று, போன மாதமே திருப்பிக் கொடுத்தேன். மென்பொருள் வாங்கிக்கொண்டு காசையும் திருப்பித் தந்தது. அந்தப் பக்கத்தில் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. வேலை கிடைத்தது, அடுத்த மாதமே வர வேண்டும் என்றார்கள்.

அதாவது விசேட பட்டம் இல்லை. சாய்ந்தமருதில் பெண் வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும். நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். உம்மா என்னை விடவில்லை, ராத்தாவோடு போனார். திரும்பி வந்து கறுப்பு அபாயாவோடே கதிரையில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க உம்மா?"

"பட்டத்தப் பத்திக் கூட ஒண்டும் சொல்லல்ல. மகன் இனி என்ன வேலயெண்டு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னன். பிழை பிடிக்கிற வேலயெண்டு." உம்மா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார். "பொண்ணுட உம்மா சொல்றா, அப்பிடிப்பட்டவர் எங்கட ஊட்டுக்கு வேணாமாம். கட்டின ஊட்டில எத்தின பிழை இரிக்கெண்டு அவங்களுக்குத் தெரியுமாம்."

ராத்தா சிரித்ததில் உம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுகையும் வந்தது. அன்றிரவு நேரத்தோடு படுத்துவிட்டார். காலையில் தேநீரோடு வந்து, "அந்த ஊட்டில குசினி சின்னந்தான்," என்றார். சமையலறையில் அவர் கண்ட அந்தக் குறை எனக்குப் போதுமாக இருந்தது. அந்த வாரமே பல்கலைக்கழகத்தில் பொதுப் பட்டத்துக்கு மாற்றிக்கொண்டேன். சாய்ந்தமருது மாடி பிறகு ஒரு பல் வைத்தியருக்குப் போனதாக அறிகிறேன். இதை ராத்தா உறுதிசெய்தார்.

இப்போது இதுதான் என் தொழில். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு: பிழையைத் திருத்தியவன் "முடிந்தது" என்று சொன்னால் அது முடியாது, கண்டவன் மறுபடி பார்த்து உறுதிசெய்த பிறகுதான் மூட வேண்டும். செயலி திருந்திவிட்டது, கொழும்பில் நானே நின்று மஃரிபைப் பார்த்தேன். மச்சான் தன் கருத்தை மூன்று நட்சத்திரமாக உயர்த்தினார். தவறிய நோன்பை அடுத்த மாதமான ஷவ்வாலில் ஒரு திங்கட்கிழமை மறுபடி பிடித்துக் கழாச் செய்தார். அவர் முகம் வாடியிருந்ததை நானே கண்டேன்.

ஆனாலும் அந்த வியாழக்கிழமைப் பிழையை நான் இன்னும் மூடவில்லை. பேருந்தில் பேரீச்சம்பழம் தின்ற அந்த வயதான மனிதர் இருக்கிறார். அவர் நோன்பாளியா, அல்லது யாரோ பழம் நீட்டினால் மரியாதைக்கு வாங்கித் தின்கிற ஒரு பயணியா? மச்சானிடம் பலமுறை கேட்டுவிட்டேன். "தொப்பி போட்டிருந்தார்," என்கிறார் ஒரு நாள். "தலைமயிர் வெள்ளையா இரிந்திச்சு, தொப்பி மாதிரி," என்கிறார் இன்னொரு நாள். நோன்பாளியென்றால் அவருக்கு ஒரு நோன்பு பாக்கி இருக்கிறது, அது அவருக்கே தெரியாது. இது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.