வெந்நீரில் சுருங்கிய ஸ்வெட்டர்

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். அம்பத்தூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டச் சேர்ந்து, அப்புறம் மெஷினில் உட்கார்ந்து, இன்றைக்குச் சேக்காட்டில் சொந்த ஷெட் போட்டு ஆறு பொம்பளைகளுக்குச் சம்பளம் கொடுக்கிறேன். யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. வெளிநாட்டுக் குளிருக்குப் போய்வந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் கழித்துப்போடும் கம்பளி ஸ்வெட்டரை வாங்கி குஷன் உறை, நாற்காலி மெத்தை, கால்மிதி என்று தைக்கிறேன். மெட்ராசில் கம்பளிக்கு இன்னா வேலை என்று சிரித்தவர்கள் வீட்டு சோபாவிலேயே இப்போது என் குஷன்தான் கிடக்கிறது.

கம்பளியை அப்படியே வெட்டினால் பின்னல் பிரிந்து ஓடும். கொதிக்கிற தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி அலசி எடுத்தால், இழை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கெட்டியாகிவிடும். அதற்கப்புறம் எங்கே கத்திரி வைத்தாலும் பிரியாது. இதை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. நானே கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

வெள்ளானூர் ஃப்ளாட்டிலிருந்து ஒரு பெண்ணும் அவள் மாமியாரும் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். பெண்ணின் புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சில மாதம்தான் ஆகிறது. அவன் ஸ்வெட்டரைப் பையில் கொண்டுவந்திருந்தாள்.

"மெட்ராஸ் வெயில்ல கம்பளி தைக்கியளா? நல்ல பொழப்புதான்" என்றார் மாமியார்.

"உங்க ஊட்டு ஏசிக்குத்தாம்மா தைக்கிறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

செத்தவன் உடுப்பு வீட்டில் இருக்கப்படாது என்று மற்றதையெல்லாம் அவர் கொடுத்தனுப்பிவிட்டாராம். இது ஒன்றை மட்டும் மருமகள் ஒளித்துவைத்திருக்கிறாள். கண்டுபிடித்துப் பெரிய சண்டை.

"குஷன் ஆயிட்டா அது உடுப்பு இல்லல்ல, அத்தை" என்றாள் மருமகள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அப்பம் என் கண்ணு முன்னால வெட்டணும். கை, கழுத்து ஒண்ணும் தெரியப்படாது. இல்லைன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

சுருக்கிக் காயவைக்க நாளாகும், அடுத்த வாரம் வாருங்கள், உங்கள் முன்னால் வைத்தே வெட்டுகிறேன் என்றேன். ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பார்த்தேன். முடி கருகுகிற வாசனை. சுத்தமான கம்பளி. அந்த வாசனைக்கு அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சொன்னபடி வந்தார்கள். கொடியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மேஜைமேல் விரித்தேன். நல்ல கம்பளி நன்றாகவே சுருங்கும். ஆறடி ஆள் போட்டது, பள்ளிக்கூடத்துப் பையன் அளவுக்கு வந்திருந்தது. எனக்கு இது தினமும் பார்க்கிற விஷயம். சாக்பீஸால் கோடு போட்டு, தோள்பட்டையில் கத்திரியை வைத்தேன்.

"இரு" என்றார் அந்தம்மா.

கிட்டே வந்து ஸ்வெட்டரின் ஒரு கையைத் தூக்கிப் பார்த்தார். தன் தோளிலிருந்து கையோடு வைத்து அளந்தார். அது மணிக்கட்டுக்கு எட்டவில்லை.

"ஆறாங்கிளாஸ்ல இப்படித்தான் இருந்தான்" என்றார்.

ஷெட்டில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

"வெட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"வெட்டாத."

மருமகள் பயந்துபோனாள். "வெட்டலன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு சொன்னீங்களே, அத்தை."

"அது அவன் உடுப்புக்குச் சொன்னது. இது யாருக்குச் சேரும், ஏட்டி? இம்புட்டுப் பிள்ளைக்குச் சாவு ஏது?"

கத்திரியை வைத்துவிட்டு, உள்ளே பஞ்சு அடைத்தேன். கழுத்தையும் கீழ் ஓரத்தையும் மூடித் தைத்தேன். இரண்டு கையையும் முன்னால் மடித்துப் பிடித்துவிட்டேன். தையல் வெளியே தெரியாது. அந்த வேலையை இந்தப் பக்கத்தில் வேறு யாராலும் செய்ய முடியாது.

அந்தம்மா அதை மடியில் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். மருமகள் வெளியிலேயே நின்றாள். கேட்டு வாங்கவும் தைரியமில்லை, விட்டுவிடவும் மனமில்லை.

அந்தம்மா நகர்ந்து இடம் விட்டார். "ஏறுட்டி. நடுவுல வச்சிக்கிடுவோம்."