முன்னாடி போனவர்

காவேரி பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கியபோது அவளுக்காக யாரும் நிற்கவில்லை. நிற்பதாகச் சொன்னவர் அவள் புருஷன் ராஜப்பன். வண்டி புறப்பட்டுப் போய், அதன் புகையும் கலைந்த பிறகு, அவள் வேப்பமரத்து நிழலுக்குப் போய் உட்கார்ந்தாள். வைகாசி வெயிலில் கல் தரை கொதித்தது. அவள் காலுக்கு அது தெரியவில்லை. பர்மாவிலிருந்து நடந்ததில் உள்ளங்கால் தோல் மாட்டுத்தோல் போலத் தடித்துப் போயிருந்தது.

அவள் பிறந்தது இண்டூரில். ராஜப்பன் ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவர், தாலி கட்டிய கையோடு அவளையும் கப்பலேற்றிக் கூட்டிப் போனார். மில்லுக்குப் பின்னால் பலகை வீடு. மழைக்காலத்தில் தரைக்கு அடியில் தண்ணீர் ஓடும். பிள்ளை பிறக்கவில்லை. பர்மாக்காரியிடம் மீன் பேரம் பேசுகிற அளவுக்கு அவள் பாஷை கற்றுக்கொண்டாள். அப்படியே காலம் போய்விடும் என்று நினைத்திருந்தபோதுதான், ஒரு மார்கழிப் பகலில் ஜப்பான்காரனின் விமானங்கள் வந்து குண்டு போட்டன. மில் எரிந்தது. எல்லாரும் மேற்கே நடந்தார்கள். இவர்களும் நடந்தார்கள்.

மலையைத் தாண்டிக் கடலுக்கு இறங்கும் இடத்தில் ராஜப்பன் சொன்னார்: "படகுல எடம் புடிக்கணும். நான் முன்னாடி போறேன். நீ கூட்டத்தோட மெதுவா வா. அங்க பாக்க முடியலைன்னா, பொம்மிடி டேசன்ல வந்து நிக்கறேன்." அரிசி இருந்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். வளைவில் திரும்பும்போது மூட்டை மட்டும் தெரிந்தது. கடற்கரையில் அவர் இல்லை. அவள் தாலியைக் கழற்றிப் படகுக்காரனிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். பிறகு கல்கத்தாவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ஜுரத்தோடு வெகுநாள் கிடந்தாள். அதனால் அவர் எப்போதோ வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

ஸ்டேஷனில் பயணிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பச்சியப்பன் செம்பைக் கொண்டுவந்து நீட்டினான். அவள் இடுப்பில் பூப்போட்ட பர்மாக் கைலி. எங்கிருந்து வருகிறாள் என்று அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்படி இறங்கியவர்களை அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான்.

"எந்த ஊருக்குப் போவணுங்கம்மா?"

"கல்லாத்துப்பட்டி. மாதையக் கவுண்டர் மருமவ."

"அட, ரங்கூனுக்குப் போன ராஜப்பன் சம்சாரமுங்களா? அவரு எங்கீங்க?"

"முன்னாடியே போயிட்டாருங்க."

ராஜப்பன் சொன்ன சொல்லைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள். பச்சியப்பன் அவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்தான். தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டான். "அடப் பாவமே," என்றான். வெயிலுக்காகத் துண்டை எடுத்தான் என்று அவள் நினைத்தாள்.

சந்தைக்குப் பானை கொண்டுவந்த கிருஷ்ணப்பனின் வண்டி காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பச்சியப்பன் ஓடிப்போய் அவனிடம் ஏதோ சொன்னான். கிருஷ்ணப்பன் ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளை ஏற்றிக்கொண்டான். பாதி வழியில்தான், அவன் திரும்பிப் பார்க்காமல் "வயசு என்ன இருக்கும் அவருக்கு, போற வயசா?" என்று தனக்குள் சொன்னபோது, காவேரிக்கு விஷயம் விளங்கியது. திருத்திச் சொல்ல வாயைத் திறந்தாள். எதைச் சொல்லித் திருத்துவது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். சேர்வராயன் மலை கூடவே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லாத்துப்பட்டியில், எப்போதோ இறந்துபோன மாமனாரின் வீடு இருந்த இடத்தில் ஒரு மண்சுவர் மட்டும் நின்றது. ராஜப்பனுக்குப் பங்காளி முறையான தர்மக் கவுண்டர் வந்து எட்ட நின்று பார்த்தார். கெட்டவர் அல்ல. ஏர் கட்டுகிற நேரத்தில் இது வேறா என்பதுபோல் நின்றார்.

"சாவுத் தீட்டோட ஊர்க் கெணத்துப் பக்கம் வரக் கூடாதும்மா. காரியம் ஆவட்டும். கொள்ளி வெக்க நான் இருக்கறேன். அப்புறம் ஊருக்குள்ள எங்க இருக்கறதுன்னு பேசிக்கலாம்."

அவர் போன பிறகு, கூப்பிடாமலே மூன்று பேர் வந்தார்கள். ஊருக்குத் துணி வெளுக்கும் குள்ளம்மாள், சவரம் செய்பவனும் சாவுக் காரியம் நடத்துபவனுமான கருப்பண்ணன், பானை கிருஷ்ணப்பன். மாதையக் கவுண்டர் வீடு இவர்கள் மூவருக்கும் குடிவீடு. ஒவ்வொரு அறுப்புக்கும் அந்தக் களத்தில் இவர்களுக்குத் தானியம் உண்டு. அந்த வீட்டின் நல்லது கெட்டதுக்கு இவர்கள் போய் நிற்க வேண்டும். களம் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. வீடும் விழுந்துவிட்டது. குடி விழவில்லை என்று அவர்கள் எண்ணினார்கள்.

மண்சுவரையே பின்சுவராக வைத்துக் குடிசை எழும்பியது. கிருஷ்ணப்பன் களிமண் குழைத்தான். பச்சியப்பன் வேலை முடிந்து வரும்போதெல்லாம் இரண்டு மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கருப்பண்ணன் கூரைமேல் உட்கார்ந்து ஓலை கட்டினான். கட்டிய ஓலை ஒன்று சரிந்து கீழே விழுந்தது.

"தாடி செரைக்கற கையி," என்றாள் குள்ளம்மாள். "கட்டுப் போடச் சொன்னா கயித்தையும் செரைச்சி வுட்டுடும்."

"நீ ஏறிக் கட்டேன் பாப்போம். குட்டைக்கு ஏணி எங்க தேடறது?"

"ஏணி எதுக்கு? ஒன் வாயி மேல ஏறினாலே கூரை எட்டுமே."

எல்லாரும் சிரித்தார்கள். காவேரி அவர்கள் சிரிப்பதைப் பார்த்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று புரிந்தது.

குள்ளம்மாள் அவளுடைய கைலியை வாங்கி விரித்து, "இதென்ன ஆத்தா, பூவா பாம்பா?" என்றாள். பிறகு தன் மூட்டையிலிருந்து ஒரு சேலையை உருவிக் கொடுத்தாள். "கட்டிக்கோங்க. தர்மக் கவுண்டர் சம்சாரம் வெளுக்கப் போட்டது. அவங்களுக்கு இன்னும் மூணு கெடக்குது. இப்பத்திக்குத் தேட மாட்டாங்க." அது அரக்குக் கரை போட்ட சேலை. கொடுத்த பிறகு அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "காரியம் வரைக்கும்தான் ஆத்தா இது," என்றாள்.

காரியம் என்றால் என்னவென்று காவேரிக்குத் தெரியும். ஓடையில் முழுக வேண்டும். இடது கையில் எப்படியோ உடையாமல் வந்து சேர்ந்த ஒற்றைக் கண்ணாடி வளையலை உடைப்பார்கள். குள்ளம்மாள் மாத்து கொடுப்பாள், வெளுத்த வெள்ளைச் சேலை. அதைக் கட்டினால் பிறகு கழற்ற முடியாது. நாளைக்கு ராஜப்பனே வந்து வாசலில் நின்றாலும் ஊர் அவளைத் தாலி அறுத்தவள் என்றுதான் சொல்லும். அதெல்லாம் வேறு யாருக்கோ நடக்கப் போவதுபோல் இருந்தது. இத்தனை பேர் இவ்வளவு பாடுபட்டுச் செய்வதை நடுவில் நிறுத்துவது மரியாதை இல்லை என்றும் தோன்றியது.

காரியத்தன்று காலையில் ஓடைக்கரையில், உடம்புக்குப் பதிலாக வைக்கோலால் ஓர் ஆள் செய்து படுக்க வைத்திருந்தார்கள். தர்மக் கவுண்டர் ஈரவேட்டியோடு கிருஷ்ணப்பனின் புதுப்பானையைத் தோளில் வைத்து நின்றார். குடிசைப் பக்கம் சோறு வெந்துகொண்டிருந்தது. குள்ளம்மாள் மாத்தை மடித்துக் கையில் வைத்திருந்தாள். அது அவளுடைய சொந்தச் சேலை, கஞ்சி போட்டிருந்தாள்.

கருப்பண்ணன் தண்ணீரைக் கையில் எடுத்தான். "ஆத்தா, பேரும் நாளும் சொல்லித்தான் தண்ணி வுடணும். அவரு போன நாளு என்னங்க?"

"திங்கக்கெழம. காத்தால."

"நோவு கண்டு கெடந்தாருங்களா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருந்தாரு."

"அப்புறம் எப்புடிங்க போனாரு?"

"மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போனாரு. அரிசி அதுலதான் இருந்துச்சு."

கருப்பண்ணனின் கையிலிருந்து தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகி முடிந்தது. குள்ளம்மாள்தான் முதலில் பேசினாள்.

"செத்தவரு மூட்டை தூக்கிக்கிட்டா போவாரு? டேசன்ல முன்னாடியே போயிட்டாருன்னு சொன்னீங்களாமே ஆத்தா?"

"ஆமா. படகுல எடம் புடிக்க முன்னாடி போனாரு."

கரையில் நின்ற யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். "எமனுக்கே வழி மாத்திச் சொல்லிட்டாம்பா பச்சியப்பன்," என்றது ஒரு குரல். தர்மக் கவுண்டர் பானையோடு திரும்பினார்.

"ஏம்மா, கல்லு மாதிரி நின்னுட்டிருந்தியே, மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

அவரே மனதுக்குள் கணக்குப் போட்டதும் குரல் தணிந்தது. "முன்னாடி போனவன் இன்னும் வரலையே. பின்னாடி வந்தவ வந்துட்டா. இதுல தெரிய வேண்டியது என்ன இருக்குது? பானை தோள்ல இருக்குது, ஒடைச்சிட்டுப் போயிடலாம். நீயே சொல்லும்மா. இருக்கறானா, இல்லியா?"

அத்தனை முகமும் அவளைப் பார்த்தன.

"தெரியலீங்க மாமா," என்றாள். "வழியோரத்துல நெறையப் பேரு கெடந்தாங்க. வாந்திபேதி. பாத்தா நடக்க முடியாதுன்னு யாரும் மொகத்தப் பாக்க மாட்டாங்க. நானும் பாக்கல. அதுல அவரு இருந்தாரா இல்லியான்னு எனக்குத் தெரியாது."

அழுகை வரும் என்று குள்ளம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். வரவில்லை. ஓடைத் தண்ணீரில் ஓர் எருக்க இலை சுற்றிக்கொண்டிருந்தது. காவேரி அதைப் பார்த்தபடி நின்றாள்.

கருப்பண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "நான் செய்ய மாட்டேனுங்க கவுண்டரே. இருக்கறவருக்குச் செஞ்சிட்டா, அந்தப் பாவம் என் தலையில."

"மாத்தும் கெடையாதுங்க," என்றாள் குள்ளம்மாள். சேலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

கிருஷ்ணப்பன் அன்றைக்கும் அதிகம் பேசவில்லை. நேராகப் போய் தர்மக் கவுண்டரின் தோளிலிருந்து பானையை இறக்கினான்.

"ஊர்ல ஒரு முறை இருக்குதுல்ல?" என்றார் அவர். "தீட்டோட எப்புடிக் கெணத்துல தண்ணி எடுப்பா?"

"சாவு இல்லாம தீட்டு எங்கிருந்துங்க வரும்?" என்றான் கருப்பண்ணன்.

"நாளைக்குச் செத்துட்டான்னு சேதி வந்தா?"

"வந்தா அன்னைக்குச் செய்யறோம். நாங்க எங்க போயிடப் போறோம்?"

தர்மக் கவுண்டர் இவர்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். மூவரும் இல்லாமல் எந்தக் காரியமும் இல்லை. "என்னமோ பண்ணுங்க. ஒரு நாள் உழவு போனதுதான் மிச்சம்," என்று வேட்டியைப் பிழிந்துகொண்டே போனார்.

பானையைக் கிருஷ்ணப்பன் காவேரியிடம் நீட்டினான். அவள் வாங்கத் தயங்கினாள். "இன்னும் சாவுக்குப் போவாத பானைங்க ஆத்தா," என்றான். "தண்ணி ஊத்துனா தண்ணிப் பானை." அன்று மாலை அவள் அதில்தான் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். காரியத்துக்கு ஆக்கிய சோற்றை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. குடிவந்த சோறு என்று வைத்துக்கொள்வோம் என்றாள் குள்ளம்மாள். எல்லாரும் குடிசை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பச்சியப்பன் மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டான். உப்புப் போதவில்லை என்று கருப்பண்ணன் சொன்னான். காவேரிக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அவள் ஊரில் இருந்தாள். கேழ்வரகுக்குக் களை எடுத்தாள், புளியில் கொட்டை எடுத்தாள், தர்மக் கவுண்டர் நிலத்திலேயே கூலிக்குப் போனாள். அறுப்புக்கு அறுப்பு, கிடைத்த கூலித் தானியத்தில் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு படி அளந்து வைத்தாள். அவர்களும் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். வாங்காவிட்டால் குடி என்பது இல்லை. குள்ளம்மாள் சேங்கொட்டை மையால் அவள் சேலை ஓரத்தில் மாதையக் கவுண்டர் வீட்டு வெளுப்புக் குறியைப் போட்டாள், ஒரு கோடும் அதன்கீழ் மூன்று புள்ளியும். பல வருஷமாக எந்தத் துணியிலும் போடாத குறி. பச்சியப்பன் ஒவ்வொரு வண்டியிலும் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தான். சண்டை முடிந்தது. கப்பல் விட்டார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் சேலத்திலும் ஜோலார்பேட்டையிலும் இறங்கினார்கள். அவர்களைத் தேடிப் போய் அவன் விசாரித்தான். யாருக்கும் தெரியவில்லை. சுதந்திரமும் வந்தது. அவள் நிறச் சேலைதான் கட்டினாள். வளையலும் கையில் இருந்தது. ஊர் விசேஷங்களில் அவளை முன்னால் கூப்பிடவும் இல்லை, பின்னால் போகச் சொல்லவும் இல்லை. அவளும் நடுவில் எங்காவது நின்றுகொள்வாள்.

வருஷம் ஒரு தடவை, வெயில் காலத்தில், குள்ளம்மாளின் பாறையில் ஒரு வெள்ளைச் சேலை காயும். கட்டாமல் வைத்த துணி மடிப்பில் பழுப்பேறிவிடும் என்பதால் அவள் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெளுத்து, கஞ்சி போட்டு, மறுபடியும் பெட்டியில் வைப்பாள். அதில் குறி எதுவும் இருக்காது. அதைப் பற்றி அவள் பேசியதில்லை, காவேரி கேட்டதும் இல்லை.

ஒரு வருஷம் தன் சேலையை எடுக்கப் போன காவேரி, பக்கத்தில் அது கிடப்பதைப் பார்த்தாள். குள்ளம்மாள் ஓடையில் குனிந்து துவைத்துக்கொண்டிருந்தாள். மேல்பக்கம் காய்ந்திருந்தது. காவேரி அதன் இரண்டு முனையையும் பிடித்து, ஈரப் பக்கம் வெயிலுக்கு வரும்படி திருப்பிப் போட்டாள். காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் ஒரு கல்லை வைத்தாள். பிறகு தன் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.